அடைக்கோழியின் பசி

கோழியைப் பற்றி ஒரு விசாரமா என்று வாசகர்களிற் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். தர்மம், தியாகம், தாய்மை என்னும் பெரிய சொற்களை மேடையிலே வைத்துப் பேசும்பொழுது அவற்றின் எடை நமக்குத் தெரிவதில்லை. அடையிலிருந்து எடுத்த ஒரு மெலிந்த கோழியைக் கையில் ஏந்திப் பார்த்தால் தெரிந்துவிடுகிறது. ஆதலால் அதையே இங்கு எடுத்துக்கொள்கிறோம்.

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங், ரெங்கம், லாபிஸ், சிகாமட் பக்கங்களிலுள்ள ரப்பர்த் தோட்டங்களிலே குடியேறிய நம்மவர், லயத்து வீட்டின் பின்புறத்தில் நாலு கோழி வளர்த்தது விளையாட்டுக்காக அன்று. தோட்டத்துச் சம்பளம் ஆண்பிள்ளையின் கைக்கோ கடைக்காரனின் கணக்கிற்கோ போய்ச் சேரும். கோழியும் முட்டையும் பெரும்பாலும் வீட்டுப் பெண்ணின் கைமுதல். பிள்ளைக்குச் சுரம் வந்தால் ஒரு முட்டை, மருமகன் வந்தால் ஒரு சேவல், அவசரச் செலவு வந்தால் இரண்டு பெட்டை. பிற்காலத்தில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது, தோட்டங்கள் துண்டாடப்பட்டன, லயங்களில் வாழ்ந்தவர்கள் பலர் பட்டணத்து அடுக்கு வீடுகளுக்குப் போயினர். ஆயினும் கொல்லையில் ஒரு முழ நிலம் உள்ளவர்கள் இன்னும் நாட்டுக்கோழியை விட்டபாடில்லை. மலாய்க்காரர் அதை 'ஆயாம் கம்போங்' என்பர். பெயர் எதுவானாலும் பிராணி ஒன்றே. அதன் முன்னோராகிய செங்காட்டுக்கோழி இன்றும் மலாயாக் காடுகளில் வாழ்கிறது.

நாட்டுக்கோழி பத்துப் பன்னிரண்டு முட்டை இட்டவுடன் அடையில் உட்கார்ந்துவிடும். 21 நாள் அது எழுந்திருப்பது அருமை. நாளைக்கு ஒரு தடவை, கால் மணியோ அரை மணியோ வெளியே வந்து, அவசரமாக நாலு மணியைப் பொறுக்கி, தண்ணீர் குடித்து, கழிந்து, மறுபடியும் ஓடிப்போய் முட்டைமேல் படுத்துக்கொள்ளும். கிட்டப் போனால் இறகைச் சிலிர்த்துக்கொண்டு கொத்த வரும். வாரியத் தண்ணீர் வந்தாலும், உடும்பு வந்தாலும், எளிதில் இடம்விட்டு நகராது.

இதைக் கண்டவர்கள் என்ன சொல்லுகிறார்கள்? "தாயல்லவா? அதற்குப் பசி தெரியாது" என்கிறார்கள். சொல்லிவிட்டுத் தம் சோற்றுக்குப் போய்விடுகிறார்கள். இந்தப் புகழ்ச்சியைத்தான் நாம் சற்று நிறுத்திவைத்து ஆராய விரும்புகிறோம்.

பசி தெரியாது என்பதில் ஒரு பாதி உண்மை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1980இல் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், அடையிலிருந்த காட்டுக்கோழிகளின் பக்கத்திலேயே தீனியை வைத்துப் பார்த்தார்கள். அப்படி வைத்தும் அவை குறைவாகவே உண்டு மெலிந்தன. அஃதாவது, அடைக்காலத்தில் உடம்பு இளைப்பது அந்த ஜாதிக்கு இயற்கை வகுத்த கணக்கு. முன்கூட்டியே கொழுப்பைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மூன்று வாரம் அதைச் செலவழித்து, குஞ்சு பொரித்தபின் மறுபடியும் சம்பாதித்துக்கொள்ளுகிறது. உடம்பிலே சேமிப்புள்ள கோழிக்கு இதனால் தீங்கில்லை.

ஆனால் சேமிப்பு இல்லாத கோழியும் அதே 21 நாள்தான் உட்காருகிறது! அங்கேதான் கேள்வி பிறக்கிறது. போன அடையின் குஞ்சுகளை இப்பொழுதுதான் பிரித்துவிட்ட கோழி. வயிற்றில் பூச்சியுள்ள கோழி. இறகடியில் பேனும், இரவிலே கூட்டின் இடுக்கிலிருந்து வந்து இரத்தம் குடிக்கும் செள்ளும் பிடித்த கோழி. கூட்டத்தில் மற்றவை கொத்தித் துரத்தத் துரத்த எச்சில் தீனியிலேயே காலந்தள்ளிய கோழி — இவையும் அடையில் உட்காருகின்றன. வெளியிலிருந்து பார்த்தால் கொழுத்ததும் இளைத்ததும் ஒன்றுபோலவே இருக்கும். ஏனெனில் அடைக்கோழி இறகை உப்பிக்கொண்டு இருக்கிறது. மார்பின் கீழே விரலை விட்டுத் தடவினால்தான், நடு எலும்பு கத்தி விளிம்புபோல் கைக்குத் தட்டுப்படும். இரு பக்கமும் இருக்கவேண்டிய சதை குழிந்திருக்கும். கொண்டை சிவப்பிழந்து வெளுத்திருக்கும். இந்தக் கோழிக்கு அடை என்பது தவம் அன்று, மெதுவான சாவு. பொரிக்கும் நாளுக்கு முன்பே முட்டைமேல் படுத்தபடியே சில மாய்ந்துபோகின்றன.

இரண்டு கோழிகளும் செய்தது ஒரே செயல். ஒன்று பிழைத்தது, ஒன்று மாண்டது. வித்தியாசம் அவற்றின் தாய்மையில் இல்லை. அடைக்கு முன்னே இருந்த இரண்டு மூன்று மாதங்களில் அவற்றிற்கு என்ன கிடைத்தது என்பதில் இருக்கிறது. கொடுக்கவேண்டியவர்கள் நாம். அப்படியிருக்க, மாண்ட கோழியைத் 'தியாகி' என்று நாம் வாழ்த்துவோமானால், அது யாருடைய குற்றத்தை மூடுவதற்காக?

தியாகம் என்னும் சொல்லுக்கே ஒரு நிபந்தனை உண்டு. மாட்டேன் என்று சொல்லக் கூடியவன் சரி என்று சொல்லும்பொழுதுதான் அது தியாகம். கோழியால் மாட்டேன் என்று சொல்ல முடியாது. 1930களில் ஆஸ்கார் ரிடில் என்னும் அமெரிக்க விஞ்ஞானியும் அவர் கூட்டத்தாரும் புரோலாக்டின் என்ற சுரப்பை ஆராய்ந்து, அதைக் கோழிகளுக்குச் செலுத்தி அடையில் உட்காரச் செய்தார்கள். மூளையின் அடியிலுள்ள ஒரு சிறு சுரப்பி கட்டளையிடுகிறது, கோழி உட்காருகிறது. முட்டையே இல்லாவிட்டாலும் உட்காரும், கூழாங்கல்லின்மேலும் உட்காரும், எல்லாம் கூமுட்டை என்றால் 21 நாள் கடந்து வாரக்கணக்கில் உட்கார்ந்தே இருக்கும்.

உடனே சில அறிவாளிகள், "அப்படியானால் அது வெறும் இயந்திரந்தானே, அதற்காக நாம் ஏன் மனம் வருந்தவேண்டும்?" என்று கேட்கக்கூடும். இது அவசர முடிவு. அதே சுரப்புத்தான் மனிதத் தாயின் மார்பிலும் பாலை உண்டாக்குகிறது. அதனால் அவளை இயந்திரம் என்று யாராவது சொல்லுகிறார்களா? செயலுக்குக் காரணம் சுரப்பியாக இருக்கலாம். வேதனைக்கு இடம் உடம்பு. 1789இல் பெந்தாம் என்ற ஆங்கிலச் சட்ட அறிஞர், ஒரு பிராணியைப் பற்றி நாம் கேட்கவேண்டுவது அதன் பகுத்தறிவையோ பேச்சையோ அன்று, அது துன்பத்தை உணருமா என்பதையே என்று வற்புறுத்தினார். நம் நாட்டு இராமலிங்கர் அவ்வளவு தூரங்கூடச் சுற்றிப் போகவில்லை. பசியைத் தீர்ப்பதே ஜீவகாருண்யத்தின் முதற்படி என்று கொண்டு, 1867இல் வடலூரில் தருமசாலையை அமைத்து அடுப்பை மூட்டிவிட்டார். பசித்தவன் யோக்கியனா, அவன் பசி தானாக ஏற்றதா, பிறர் தந்ததா என்ற விசாரணை அந்த அடுப்புக்கு முன்னே நடைபெறவில்லை.

நிற்க. இளைத்த கோழியை அடையிலிருந்து எடுத்துவிடுவது என்றால், அதன் விருப்பத்தை மீறுகிறோமே, அது நியாயமா? இக்கேள்வி உண்மையானது. அந்த ஜீவன் உலகத்தில் இப்பொழுது விரும்புவது ஒன்றே; அதைப் பறிக்கிறோம். பறித்தவுடன் அது கூட்டைச் சுற்றிச் சுற்றி வந்து கத்துவதைப் பார்த்தவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். நாம் இதற்குச் சொல்லும் விடை இதுவே: விருப்பம் உயிரைத் தின்னும் இடத்தில், உயிர் இருந்தால்தான் அடுத்த விருப்பம் உண்டு. ஆனால் பறிக்கிறவனுக்கு ஒரு கடன் ஏற்பட்டுவிடுகிறது. வேலையை அவளிடமிருந்து எடுத்தவன், அந்த வேலையைத் தானே செய்து முடிக்கவேண்டும். முட்டைகளை இரவிலே, அடையிலிருக்கும் வேறொரு நல்ல கோழிக்கு மாற்றலாம். அல்லது பொரிப்புப் பெட்டியில் வைக்கலாம். ஏழு நாள் ஆன முட்டையை இருட்டில் விளக்குக்கு நேரே பிடித்துப் பார்த்தால் கரு உள்ளது எது, கூமுட்டை எது என்பது விளங்கும். பல சமயம் பாதி முட்டை கூமுட்டையாக இருப்பதைக் கண்டு நாம் திடுக்கிடுவோம். ஒன்றுமில்லாததற்காக ஓர் உயிர் உருகிக்கொண்டிருந்தது!

அடை தெளியவைக்கக் கிராமத்தார் கைக்கொண்ட பழைய முறைகள் நமக்குத் தெரியும்: தண்ணீரில் முக்கி எடுப்பது, மூக்குத் துளையில் இறகைச் செருகுவது. இவை அடையைத் தெளிவிக்கலாம். ஆனால் நோக்கம் என்ன? கோழி சீக்கிரம் மறுபடியும் முட்டையிட வேண்டும் என்பது. கோழி பிழைக்க வேண்டும் என்பவன் கம்பி வலை அடித்தளமுள்ள, காற்றோட்டமான கூட்டை நிலத்திலிருந்து சற்று உயர்த்தி வைத்து, உள்ளே தீனியும் தண்ணீரும் வைப்பான். மூன்று நாலு நாளில் அடை தெளியும். செயல் இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். அதன்பின் கோழியின் முன்னே என்ன வைக்கப்படுகிறது என்பதைப் பார்த்தால் இரண்டும் வேறென்று தெரியும்.

வைக்கவேண்டியதைப் பற்றியும் சொல்லிவிடுகிறோம். அன்பு என்று பொதுவாகப் பேசிக் கைகழுவுவது எளிது. குருணையை ஊறவைப்பதுதான் கடினம். முதலில் தண்ணீர். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் சிறிது சர்க்கரையும் ஒரு சிட்டிகை உப்பும் கரைத்து வைத்து, அலகின் நுனியை அதில் தொடவைத்தால் தானே குடிக்கும். வாயைப் பிளந்து ஊற்றுகிறவர்கள் உண்டு. கோழியின் மூச்சுக்குழல் வாசல் நாக்கின் அடியிலேயே இருக்கிறது. ஊற்றிய நீர் அங்கே போனால் நாம் காப்பாற்ற நினைத்ததை நாமே மூச்சுத் திணறவைத்துக் கொன்றவர்களாவோம். பின்பு சிறிது சிறிதாக, நாளைக்கு நாலைந்து தடவை: ஊறவைத்த குருணை, குஞ்சுத் தீவனத்தைப் பிசைந்தது, அவித்த முட்டையின் மஞ்சட்கரு, பொடியாக நறுக்கிய முருங்கைக்கீரை. பட்டினி கிடந்த வயிற்றில் ஒரேயடியாக நிரப்பக்கூடாது. இரவில் தொண்டைக்குக் கீழே இரைப்பையைத் தொட்டுப் பார்க்கவேண்டும், நிறைந்திருக்கவேண்டும். விடியற்காலையில் மறுபடியும் தொடவேண்டும், காலியாயிருக்கவேண்டும். காலையிலும் உப்பிப் புளித்த நாற்றம் அடித்தால் தீனியை நிறுத்தி, தெரிந்தவரிடம் காட்டவேண்டும்.

இறகைப் பிரித்து, வால் பக்கத்தில் பேன் உண்டா என்று பார்க்கவேண்டும். கூட்டின் இடுக்குகளை இரவில் விளக்கோடு பார்த்தால் செள் ஊர்வது தெரியும். கூட்டைக் கொதிநீர் ஊற்றி வெயிலில் காயவைக்கவேண்டும். சாம்பலும் காய்ந்த மண்ணும் கலந்து ஒரு பெட்டியில் வைத்தால், கோழி தானே புழுதி குளித்து உடம்பைப் பார்த்துக்கொள்ளும். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் ஜொகூரில் காய்ந்த மண் கிடைப்பதே அரிது. ஆகையால் முன்கூட்டியே ஒரு தகரத்தில் சேர்த்து வைப்பவர்கள் புத்திசாலிகள். அடைக்கோழி நாள் முழுவதும் அடக்கிவைத்து ஒரேயடியாகக் கழிவதால் எச்சம் பெரிதாகவும் நாற்றமாகவும் இருப்பது சகஜம். அதற்குப் பயப்பட வேண்டாம். ஆனால் இரத்தம் கலந்திருந்தால் அது வைத்தியரின் வேலை. பூச்சி மருந்தையும் அவர் சொல்லும் அளவிற்கே கொடுக்கவேண்டும்.

இன்னொன்று. தேறிவரும் கோழியை அப்படியே கூட்டத்தில் விட்டுவிட்டால் மற்றவை அதைக் கொத்தும். கோழிகளுக்குள்ளே யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை ஒன்று உண்டு என்பதை ஷெல்டெருப்-எபெ என்னும் நார்வே தேசத்தவர் 1921இல் விவரித்தார். சில நாள் காணாமற்போய் இளைத்துத் திரும்பியது அந்த வரிசையில் கடைசிக்குத் தள்ளப்படுகிறது. (இந்த வரிசையைக் காட்டி, மனிதருக்குள்ளும் மேல் கீழ் இயற்கைதான் என்று வாதிக்கிறவர்களைக் கேட்டிருக்கிறோம். அவர்கள் கோழியிடமிருந்து கற்றுக்கொள்ள வேறு எதுவும் அகப்படவில்லை போலும்!) ஆகையால் நோயாளியை மற்றவற்றின் கண்ணுக்கும் காதுக்கும் எட்டுகிற தூரத்திலேயே, ஒரு பஞ்சாரத்தில் தனியே வைத்துக் காப்பாற்றி, தேறியபின் இரவு நேரத்தில் கூட்டில் சேர்ப்பது நலம்.

இவ்வளவு பாடுபடுவது வியாபாரக் கணக்கிற்கு ஒத்துவருமா? வராது. வைத்தியச் செலவுக்கு இன்னொரு கோழியே வாங்கிவிடலாம். ஜொகூரிலேயே உள்ள பெரிய பண்ணைகளில் கோழியொன்று ஆண்டுக்கு ஏறக்குறைய 300 முட்டை இடுகிறது. அந்த ஜாதியிலிருந்து அடைப்பழக்கத்தையே தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுத்து நீக்கிவிட்டார்கள். ஏனெனில் அடையிலிருக்கும் கோழி முட்டையிடாது. அங்கே கணக்கு லட்சங்களில் நடக்கிறது. 2022 ஜூன் 1ஆம் தேதி முதல் மலேசிய அரசாங்கம் கோழி ஏற்றுமதியை நிறுத்திவைத்தபொழுது, நின்றுபோனது மாதத்திற்கு 36 லட்சம் கோழிகள் வரையில் என்று சொல்லப்பட்டது. ஜொகூர் நீரிணைக்கு அப்பால் சிங்கப்பூர்ச் சோற்றுக்கடைகள் கலங்கிப்போயின. நாட்டுக்கோழிக்கு அம்மாதத்திலேயே விலக்குக் கொடுத்தார்கள். மற்றவற்றிற்குச் சில மாதங்கள் சென்றன. 36 லட்சத்தில் ஒன்றின் மார்பெலும்பைத் தடவிப் பார்க்க யாருக்கும் கையில்லை. கொல்லையில் நாலு கோழி வைத்திருப்பவனுக்குக் கை இருக்கிறது. அவன் அறிந்துவிட்டான், அறிந்தபின் அறியாதவன்போல் இருக்க முடியாது என்பதே அவனுடைய கஷ்டம். மலேசியாவின் 2015ஆம் ஆண்டு விலங்கு நலச் சட்டம், 2017இல் அமுலுக்கு வந்து, வளர்ப்பவர் தம் பிராணிக்குத் தக்க உணவும் இடமும் தந்து, நோயிலிருந்தும் வேதனையிலிருந்தும் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது. சட்டம் கொல்லைவரை வந்து எட்டிப்பார்க்கப் போவதில்லை. அதனால் கடமை இல்லாமற் போய்விடாது.

இங்கே நாம் ஒரு படி மேலே போகவேண்டியிருக்கிறது. "தாய்க்குப் பசி தெரியாது" என்ற வாசகம் கோழிக்கொட்டகையில் பிறந்ததன்று. வீட்டுக்குள்ளிருந்து வெளியே போனது. நம்மவர் வீடுகளில் கடைசியாக உண்கிறவள் யார்? விடியுமுன் எழுந்து பால்மரம் வெட்டப் போனவள், கைப்பிள்ளையை ஆயாக் கொட்டகையில் விட்டுப் போனவள், திரும்பிவந்து சமைத்துப் பரிமாறி, சட்டியின் அடியில் மிஞ்சியதை உண்டவள். அவளைத் தெய்வம் என்று பாடியவர்கள் ஏராளம். அவள் தட்டைப் பார்த்தவர்கள் எத்தனை பேர்? அவளும் பிரசவம் என்னும் அடைக்குச் சேமிப்பில்லாமலே போனாள். ஒரு வித்தியாசம், கோழிபோலல்லாமல் அவளால் மாட்டேன் என்று சொல்ல முடியும். அதை அவள் சொல்லாதபடி செய்ததில் இந்தப் புகழ்ச்சிக்குப் பெரும் பங்குண்டு என்பது நமது அபிப்பிராயம். மலேசியாவில் பிரசவ விடுமுறை நெடுங்காலம் 60 நாளாக இருந்து, 2023 ஜனவரி 1 முதல் 98 நாளாயிற்று. அந்த 38 நாள், தாய்மையைப் பற்றிய எத்தனையோ சொற்பொழிவுகளைவிட அதிகம் செய்யும்.

இனி, எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒருவர் எழுந்து, "நாளைக்குக் குழம்பில் போகிற கோழிக்கு இன்றைக்குக் கஞ்சி எதற்கு?" என்பார். கேலியாகக் கேட்டாலும் இது கேட்கத்தக்க கேள்வியே. கோழியைத் தின்பது தகுமா என்பது வேறு வழக்கு. அதை இங்கே தீர்க்க நாம் முன்வரவில்லை. தின்பவர் வீட்டிலும் தின்னாதவர் வீட்டிலும் இளைத்த கோழி இன்று பசித்துத்தான் இருக்கிறது. நாளை சாகப்போகிறது என்பது இன்றைய பசியைக் குறைத்துவிடுமானால், அந்தக் கணக்கில் நம்முள் யாருக்கும் சோறு கிடைக்காது. கேட்டவரும் சாகத்தான் போகிறார். ஆனாலும் நண்பகலில் தவறாமல் இலைமுன் உட்காருகிறார்.

தேறிய கோழியின் கொண்டை இரண்டு மூன்று வாரத்தில் சிவந்துவிடும். மண்ணைக் கிளறும், மற்றவற்றோடு சண்டைக்கும் போகும். மார்பில் சதை பிடித்தபின் மறுபடியும் முட்டையிடத் தொடங்கி, அடையிலும் உட்காரப் பார்க்கும். அதை அப்பொழுது தடுக்கவேண்டுவதில்லை. பன்னிரண்டுக்குப் பதில் ஏழு எட்டு முட்டை வைத்து, கூட்டை மழைச்சாரல் படாத மூலைக்கு மாற்றி, எட்டி நின்று பார்த்தால் போதும். நாளைக்கு ஒருமுறை அது எழுந்து வரும் அந்தக் கால் மணி நேரத்தில் தீனியும் தண்ணீரும் தயாராக இருக்கவேண்டும். மற்றக் கோழிகள் முந்திக்கொண்டு தின்றுவிடாமல் பக்கத்தில் ஒருவர் நிற்கவேண்டும்.